போர்டு போச்சு சார்!

2024 கோடையில் மூன்று மாதம் நியூஜெர்ஸியில் மகள் வீட்டில் இருந்தேன். பேரனைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம். சம்பளம் கிடையாது. சாப்பாடும் நயாகராவும் இலவசம். நயாகராவில் விழுகிற தண்ணீரைவிட அதிகமான மை நம் பத்திரிகைகளில் அதைப் பற்றி ஏற்கெனவே விழுந்துவிட்டதால் அதை விட்டுவிடுகிறேன். இந்த வாரம் நான் சண்டை போடப்போவது ஒரு வேக்குவம் க்ளீனரை வைத்து.

சிரிக்காதீங்க. விஷயம் உங்கள் வீட்டு வாஷிங் மெஷினில் வந்துதான் நிற்கப்போகிறது.

மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு த்ரிஃப்ட் ஸ்டோர். ஜனங்கள் தங்களுக்கு வேண்டாத சாமான்களைத் தானமாகக் கொடுத்துவிடுவார்கள். கடைக்காரர்கள் அதை மலிவு விலைக்கு விற்று, வருகிற பணத்தைத் தர்ம காரியத்துக்குச் செலவு செய்வார்கள். 1985-ல் எரிந்துபோன நம் மூர் மார்க்கெட்டுக்கு ஏ.ஸி. போட்டு, பேரம் பேசுவதைத் தடை செய்தால் எப்படி இருக்குமோ அப்படி. பேரனுக்குக் கதைப் புத்தகம் வாங்கப் போனேன். வீட்டு சாமான் பகுதியில், ஓட்டை டோஸ்டர்களுக்கும் ஜோடி தொலைத்த கிண்ணங்களுக்கும் நடுவே சின்ன ராக்கெட் ஒன்று படுத்துக் கிடந்தது.

எலெக்ட்ரோலக்ஸ். மாடல் 30. ரோமன் எழுத்தில் மூன்று எக்ஸ் போட்டிருக்கும். 1937-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மாடல். லுரெல் கில்ட் என்கிற டிசைனரின் கைவண்ணம். நீள உருளை உடம்பு, பளபளக்கும் முகப்பு, அடியில் சக்கரத்துக்குப் பதில் பனிச்சறுக்கு வண்டி மாதிரி இரண்டு சட்டம். ரயில் இன்ஜின், விமானம் எல்லாவற்றுக்கும் காற்றைக் கிழிக்கிற உருவம் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஹாலில் ஊர்ந்து தூசி தின்கிற மெஷினுக்கு எதற்கய்யா அந்த உருவம் என்று யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு மியூசியங்களில் வைத்திருக்கிறார்கள். கடையில் இருந்ததற்குக் குறைந்தது எழுபது வயசு. விலை பதினைந்து டாலர். கழுத்தில் ஒரு சீட்டு: ‘உள்ளது உள்ளபடி.’ வேலை செய்யுமா என்று கேட்டேன். கல்லாவில் இருந்த பெண் புன்னகையோடு அந்தச் சீட்டையே மறுபடி காட்டினாள்.

த்ரிஃப்ட் ஸ்டோர்களில் பெரிய பெயர் குட்வில். 1902-ல் பாஸ்டனில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் ஆரம்பித்தது. வசதியானவர்கள் வீடுகளில் பழைய துணிமணி, சாமான்களைச் சேகரித்தார். அப்படியே விற்கவில்லை. வேலையில்லாத ஏழைகளை அழைத்து, அவற்றைத் தைக்கவும் பழுதுபார்க்கவும் பழக்கி, அதற்குக் கூலியும் கொடுத்து, அப்புறம்தான் விற்றார். அதாவது அந்தக் கடையின் பூர்வாசிரமம் ஒரு ரிப்பேர் பட்டறை. நான் போன கடையில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிற ஆள் ஒருவர்கூட இல்லை. ஸ்க்ரூ டிரைவர் விற்பனைக்கு இருந்தது, ஐம்பது சென்ட். அதையும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் வரவேற்பு பிரமாதம்.

“அப்பா, இந்த ஊர்ல இதைத் தூக்கிப் போடறதுக்கே காசு கேப்பான். நீங்க காசு கொடுத்து வாங்கிட்டு வந்திருக்கீங்க!” என்றாள் மகள்.

“மாமா, பாத்துப் பண்ணுங்க. புகை வந்தா அலாரம் அடிக்கும், ஃபயர் இன்ஜினே வாசல்ல வந்து நின்னுடும்” என்றார் மாப்பிள்ளை.

என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வை போதும்.

வீட்டில் வேக்குவம் க்ளீனர் இல்லாமல் இல்லை. கம்பு மாதிரி ஒன்று சுவரில் தொங்கியது. ஒயர் கிடையாது, பேட்டரியில் ஓடுகிற ரகம். வாங்கி மூன்று வருஷம். விலையைக் கேட்டு ரூபாயில் பெருக்கிப் பார்த்ததில் இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. இப்போது சார்ஜ் போட்டால் பத்து வினாடி கம்பீரமாகக் கர்ஜித்துவிட்டு நின்றுவிடும். பேட்டரி காலி. மாப்பிள்ளை கம்பெனிக்கு எழுதியிருக்கிறார். ‘அந்த மாடலை நிறுத்திவிட்டோம், பேட்டரி கிடைக்காது, புதிது வாங்கினால் இருபது சதவீதம் தள்ளுபடி’ என்று பதில்.

மோட்டார் நன்றாக இருக்கிறது. பிரஷ் நன்றாக இருக்கிறது. பிளாஸ்டிக்கில் ஒரு கீறல் இல்லை. ஆனாலும் குப்பை. செருப்பு அறுந்துவிட்டது என்பதற்காக ஆளையே சுடுகாட்டுக்கு அனுப்புகிற மாதிரி.

ஆக, வீட்டில் இரண்டு செத்த மெஷின்கள். ஒன்றுக்கு மூன்று வயசு, ஒன்றுக்கு எழுபது. எதற்கு உயிர் வந்தது என்று ஊகித்திருப்பீர்கள். ஏன் வந்தது என்பதுதான் விஷயம்.

*

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு மிக்சி ரிப்பேர் கடை இருக்கிறது. கடைக்காரர் தன் பெயரைப் போட வேண்டாம் என்றார். தெருவே அவரை பாய் என்றுதான் கூப்பிடும், நாமும் அப்படியே கூப்பிடுவோம். ராத்திரி பதினொன்றரைக்கு, சென்னையில் காலை ஒன்பது மணி, வாட்ஸ்அப் வீடியோவில் பிடித்தேன்.

“என்ன சார், அமெரிக்காவுலேயும் மிக்சியா?”

“மிக்சி இல்ல பாய். வேக்குவம் க்ளீனர்.”

“உள்ள கார்பன் பிரஷ் இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப மிக்சிதான் சார்.”

நூற்றுக்கு நூறு சரி. மிக்சி, டிரில்லிங் மெஷின், கரண்டில் ஓடுகிற வேக்குவம் க்ளீனர் பெரும்பாலும் எல்லாமே யுனிவர்சல் மோட்டார் சாதி. சுற்றுகிற ஆர்மேச்சரின் ஒரு முனையில் செம்புப் பட்டைகள் பதித்த வளையம், அதன் பெயர் கம்யூடேட்டர். இரண்டு பக்கமும் ஸ்பிரிங் தள்ள, அதன் மேல் உரசிக்கொண்டே கரண்டை உள்ளே அனுப்புகிற இரண்டு கரித்துண்டுகள், அவைதான் பிரஷ். தேய்வதற்கென்றே வைத்தது பிரஷ். அது தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், மோட்டார் தப்பிக்கும். யாரோ ஒரு இன்ஜினீயர் ‘இது ஒருநாள் தேயும், அன்றைக்கு ஒருத்தன் இதை மாற்றுவான்’ என்று அந்த ஒருத்தனை மனசில் வைத்துச் செய்திருக்கிறான். எழுபது வருஷம் கழித்து அந்த ஒருத்தன் நான்.

இந்த வேக்குவம் க்ளீனர் வம்சமே ஒட்டுப்போட்டுப் பிறந்ததுதான். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் கான்டன் என்ற ஊரில் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்லர் என்று ஒரு கடைப் பெருக்குபவர். ஆஸ்துமாக்காரர். பெருக்கினால் தூசி, தூசி கிளம்பினால் இருமல். ஒரு ஃபேன் மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மெஷின் கட்டினார். 1908-ல் பேட்டன்ட் வாங்கினார். அதை விலைக்கு வாங்கியவர்தான் ஹூவர் என்ற தோல் சாமான் வியாபாரி.

நம் சுமீத் மிக்சி கதையும் ஏறத்தாழ இதேதான். 1960-களில் சீமென்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த மாத்தூர் என்ற இன்ஜினீயரின் வீட்டில் ஒரு ஜெர்மன் மிக்சி இருந்தது. நம் ஊர் அரைப்பைத் தாங்காமல் மோட்டார் எரிந்துவிட்டது. இந்தியாவில் அதை ரிப்பேர் செய்ய வழியில்லை. ‘நானே உனக்கு ஒன்று செய்து தருகிறேன்’ என்று மனைவி மாதுரிக்காக ஆரம்பித்ததுதான், தோசை மாவு அரைக்கிற மிக்சியில் வந்து முடிந்தது. ரிப்பேர் செய்ய முடியாத ஒரு சாமானின் எரிச்சலில் பிறந்த சாமான். அதனால்தானோ என்னவோ, இன்றும் பாய் கடைக்கு முப்பது வயசு சுமீத்கள் வைத்தியத்துக்கு வருகின்றன.

சரி, பேஸ்மென்ட்டுக்கு வருவோம். பாய் சொல்லச் சொல்ல நான் கழற்றினேன். ஒவ்வொன்றும் சாதாரண திருப்புளிக்குத் திறந்தது, அந்த ஐம்பது சென்ட் சமாசாரத்துக்கே. பசை கிடையாது. உடைத்தால்தான் திறப்பேன் என்கிற பிளாஸ்டிக் கொக்கி கிடையாது.

“கம்யூடேட்டர் கருப்பா இருக்கா? காட்டுங்க. ஜீரோ நம்பர் ஸாண்ட் பேப்பர் போட்டு, செம்பு தெரியிற வரைக்கும் பட்டும் படாமத் தேய்ங்க. எமரி ஷீட் போட்றாதீங்க சார், அந்தத் தூள் கரண்டைக் கடத்தும், ஷார்ட் ஆயிடும். பட்டைக்கு நடுவுல கரி அடைஞ்சிருக்கும், ஊசியால மெல்ல சுரண்டுங்க.”

பழைய பிரஷ் வேர்க்கடலை அளவுக்குத் தேய்ந்திருந்தது. அங்கே ஹார்டுவேர் கடையில் டிரில்லிங் மெஷின் பிரஷ் கிடைத்தது. கொஞ்சம் பருமன். “உரசி இறக்குங்க. ஓவரா உரசி லூஸாவும் ஆடக் கூடாது, டைட்டா நிக்கவும் கூடாது. ஸ்பிரிங் தள்ளினா சர்ர்ருனு இறங்கணும்.” பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ். ரப்பர் ஒயர் தொட்டால் உதிர்ந்தது. அதைத் தூக்கிப்போட்டு எர்த்தோடு கூடிய மூன்று கோர் ஒயர். முகப்பில் இருந்த ரப்பர் வளையம் அப்பளமாகக் காய்ந்திருந்தது. காற்று அந்த வழியாக ஓடிவிட்டால் தூசியை எது இழுக்கும்? ரப்பர் ஷீட்டில் வெட்டிப் போட்டேன். தூசி சேர்கிற துணிப்பை கிழிசல். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் பார்த்தாரே என் மனைவி, அவர்தான் ஃப்ளானல் துணியில் இரட்டையாக வைத்து ஒரு பை தைத்துக் கொடுத்தார். தைக்கும்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

ஏழு ராத்திரி. கடைசியில் பாய் ஒரு கண்டிஷன் போட்டார். “நேரா பிளக்ல சொருகாதீங்க. சீரிஸ் லேம்ப் வச்சுக் கொடுங்க.”

நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தை. மெஷினுக்குப் போகிற வழியில் ஒரு குண்டு பல்பை வரிசையாக மாட்டுவது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், மெஷினோ வீடோ எரியாது. ஷார்ட் இல்லையென்றால் பல்பு கொஞ்சம் மங்கலாக எரிய, மோட்டார் மெல்லச் சுற்றும். இதில் ஒரு சிக்கல். 2023 ஆகஸ்டிலிருந்து அமெரிக்காவில் சாதாரணக் குண்டு பல்பு விற்பனைக்குத் தடை. எல்.இ.டி. இதற்கு உதவாது. வீட்டின் முந்தைய சொந்தக்காரர் பேஸ்மென்ட்டில் விட்டுப்போன நூறு வாட் பல்பு ஒன்று அகப்பட்டது.

அந்தக் குண்டு பல்புக்கும் ஒரு கதை உண்டு. கேட்டால் ரத்தம் கொதிக்கும்.

1924-ல் ஜெனிவாவில் உலகத்தின் பெரிய பல்பு கம்பெனிகள் ரகசியமாகக் கூடின. ஆஸ்ராம், பிலிப்ஸ், அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக்கின் துணைக் கம்பெனிகள். ஃபீபஸ் என்று கூட்டணிக்குப் பெயர். சூரியக் கடவுளின் பெயர்! 1,500 மணி, 2,000 மணி என்று எரிந்துகொண்டிருந்த பல்புகளை இனி ஆயிரம் மணி நேரம்தான் எரியவிடுவது என்று முடிவெடுத்தார்கள். ஆயுளைக் கூட்ட அல்ல, குறைக்க லேபாரட்டரியில் உட்கார்ந்து பாடுபட்டார்கள். உறுப்பினர்களின் பல்புகளை வாங்கி எரித்துப் பார்த்து, நெடுநாள் எரிந்தால் அந்தக் கம்பெனிக்கு அபராதம். அதிக நாள் எரிகிற பல்பு மங்கலாக எரியும், கரண்டும் வீண் என்று ஒரு நியாயம் சொன்னார்கள். அதில் உண்மையும் உண்டு. அதுதான் காரணம் என்றால் ரகசியம் எதற்கு? அபராதம் எதற்கு? இரண்டாம் உலகப் போர் வந்துதான் அந்தக் கூட்டணி கலைந்தது.

1932-ல், அமெரிக்கா பஞ்சத்தில் கிடந்தபோது, பெர்னார்டு லண்டன் என்ற ரியல் எஸ்டேட் புரோக்கர் ஒரு துண்டுப் பிரசுரம் போட்டார். ஒவ்வொரு பொருளுக்கும் அரசாங்கமே ஆயுள் நிர்ணயித்துவிட வேண்டும், நாள் முடிந்ததும் அது சட்டப்படி செத்ததாகக் கருதப்பட வேண்டும், அப்போதுதான் தொழிற்சாலைகள் ஓடும் என்றார். அரசாங்கம் கேட்கவில்லை. கம்பெனிகளுக்கு எதற்குச் சட்டம்? பேட்டரி இருக்கிறதே.

பல்பு மங்கலாக எரிந்தது. ராக்கெட் முனகியது. அப்புறம் பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்தேன். ஓடியது! கார்ப்பெட்டில் ஒரே இழுப்பு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் காணாமல்போன பேரனின் லெகோ துண்டு ஒன்று துணிப்பையில் கிடைத்தது. செலவு, மெஷின் விலையும் சேர்த்து முப்பத்தேழு டாலர்.

*

இந்த இடத்தில் சில வாசகர்கள் ‘அந்தக் காலத்துப் பொருள்னா அது பொருள்தான் சார்’ என்று கண் கலங்குவது தெரிகிறது. துடைத்துக்கொள்ளுங்கள். நான் அந்தக் கட்சி இல்லை.

அந்தக் காலத்தில் செய்த ஓட்டை உடைசல்கள் எல்லாம் அந்தக் காலத்திலேயே செத்துப்போயின. தப்பிப் பிழைத்தது மட்டும் நம் கண்ணில் படுகிறது. நூறு வயசுத் தாத்தாவைப் பார்த்து, அந்தக் காலத்தில் எல்லாரும் நூறு வயசு இருந்தார்கள் என்று சொல்ல முடியுமா? என் ராக்கெட் போடுகிற சத்தத்தில் பேரன் காதைப் பொத்திக்கொள்கிறான். உலோக உடம்பு, ஆனால் வாங்கியபோது எர்த் கிடையாது. ஷாக் அடித்தால் அவரவர் விதி. புது மெஷின்கள் குறைந்த கரண்டில் நிறைய வேலை செய்கின்றன. ஐரோப்பாவில் வேக்குவம் க்ளீனர் 1,600 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்று 2014-லும், 900 வாட்டுக்கு மேல் கூடாது என்று 2017-லும் கட்டுப்பாடு போட்டார்கள். வீடு சுத்தமாகத்தான் இருக்கிறது.

எனவே, இரும்பில் செய், எழுபது வருஷம் உழைக்கிற மாதிரி செய் என்று நான் கேட்கவில்லை. பிளாஸ்டிக்கிலேயே செய். பேட்டரியே போடு. திறக்கிற மாதிரி செய், தேய்கிற உறுப்பைத் தனியாக விற்றுத் தொலை. அவ்வளவுதான் கேட்கிறேன்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். வாஷிங் மெஷின் நின்றுவிடுகிறது. கம்பெனிக்குப் போன் செய்கிறீர்கள். ‘ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்’ எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் டீ ஷர்ட் போட்ட ஒரு பையன் வருகிறான். பின்பக்கத்தைத் திறக்கிறான். மீட்டர் வைத்தானா, பார்த்தானா என்பதெல்லாம் தெரியாது. நிமிர்ந்து நின்று, டாக்டர் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சொல்கிற குரலில் சொல்கிறான்:

“போர்டு போச்சு சார்.”

எங்கள் வீட்டில் போன போர்டுக்கு விலை ஏழாயிரத்து இருநூறு. ‘இதுக்குக் கொஞ்சம் மேல போட்டா எக்ஸ்சேஞ்ச்ல புது மெஷினே வாங்கிடலாம் சார்’ என்று ஆலோசனை இலவசம். அந்தப் பையனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே போர்டை மாற்றத்தான். நான் போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். ஒரு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருந்தவர் பத்து நிமிஷம் பார்த்தார். ஒரு ரிலே போயிருந்தது. நாற்பது ரூபாய் ரிலே. கூலியோடு முந்நூற்றைம்பது. கூலி அதிகம் இல்லை, ஏனென்றால் அவருடைய பாதி நேரம் போர்டு மேல் ஊற்றியிருந்த பிசினைச் சுரண்டுவதில் போனது. ஈரத்திலிருந்தும் கரப்பான்பூச்சியிலிருந்தும் காப்பாற்ற ஊற்றுகிறோம் என்று கம்பெனிகள் சொல்கின்றன. உண்மைதான். மெக்கானிக்கிடமிருந்தும் காப்பாற்றுகிறது.

அப்புறம் அந்த ஸ்டிக்கர்! ‘இதைக் கிழித்தால் வாரன்டி செல்லாது.’ தாயத்து மாதிரி பயப்படுகிறோம். அமெரிக்காவில் 1975-லேயே வாரன்டிக்கு ஒரு சட்டம் வந்துவிட்டது. வெளியே ரிப்பேர் பார்த்தாய் என்பதற்காக மட்டும் வாரன்டியை ரத்து செய்ய முடியாது. 2018-ல் அங்குள்ள வர்த்தகக் கமிஷன் இதைச் சொல்லி ஆறு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது.

நம் ஊரில் ஒன்றும் நடக்கவில்லையா? நடந்தது. ஸ்பேர் பார்ட்ஸை வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காமல் பதுக்குகிறார்கள் என்று 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் பதினான்கு கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. வழக்கம்போல கோர்ட், மேல்முறையீடு. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ பற்றி ஒரு கமிட்டி போட்டது. அதே வருஷம் டிசம்பரில் ஓர் இணையதளம் திறந்தார்கள். இணையதளத்தைத் திறப்பதற்கும் மெஷினைத் திறப்பதற்கும் வித்தியாசம் உண்டு. 2025-ல் இன்னொரு கமிட்டி, ஒரு பொருளை எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்யலாம் என்பதற்கு மார்க் போட வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. பிரான்ஸில் 2021 ஜனவரியிலேயே போன், லேப்டாப், வாஷிங் மெஷின் மேலெல்லாம் பத்துக்கு இத்தனை என்று ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நமக்கு இது புதுசும் இல்லையே? ஃபிரிட்ஜ் எத்தனை கரண்ட் குடிக்கும் என்று 2006-லிருந்து ஸ்டார் ஒட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்? கரண்டுக்கு ஒட்டத் தெரிந்த பசை, ரிப்பேருக்கு ஒட்டாதா?

அமெரிக்காவிலும் எல்லாம் பொன்னாக இல்லை. நியூயார்க் 2022-ல் ஒரு சட்டம் போட்டது; வீட்டு உபயோகப் பொருள்களுக்கு அதில் விலக்கு கொடுத்துவிட்டார்கள். கலிஃபோர்னியா 2023-ல் போட்டது கொஞ்சம் முதுகெலும்புள்ள சட்டம். நூறு டாலருக்கு மேல் விலையுள்ள எலெக்ட்ரானிக் சாமானோ, வீட்டு மெஷினோ, அந்த மாடலை நிறுத்தி ஏழு வருஷம் வரை ஸ்பேரும் ரிப்பேர் விவரமும் கொடுத்தே ஆக வேண்டும். ஏழு வருஷம்! மகள் வீட்டுக் கம்பு மூன்றாவது வருஷமே அநாதை.

கம்பெனிகளின் வாதம் ஒன்று உண்டு. ‘லித்தியம் பேட்டரி ஆபத்தானது, தெரியாதவர்கள் கை வைத்தால் தீப்பிடிக்கும்.’ ஆமாம் சார், பிடிக்கும். அதனால்தான் சொல்கிறேன், நல்ல பேட்டரியை நீங்களே விற்றுவிடுங்கள் என்று. நீங்கள் விற்காவிட்டால் ஜனங்கள் சும்மாவா இருப்பார்கள்? ஊர் பேர் தெரியாத பேட்டரியை வாங்கி மாட்டுவார்கள். தீ அதில்தான் பிடிக்கும்.

2022-ல் மட்டும் உலகம் தூக்கிப்போட்ட எலெக்ட்ரானிக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐ.நா. கணக்கு. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததற்குக் கணக்கு இருப்பது அதில் கால்வாசிகூட இல்லை. மீதி எங்கேயோ, யாரோ ஏழைப் பிள்ளைகள் ஒயரை எரித்துச் செம்பு எடுக்கிற இடத்தில்.

*

கம்பெனியை மட்டும் திட்டிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. ஆடித் தள்ளுபடியில் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் என்றால், ஓடிக்கொண்டிருக்கிற மிக்சியைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் நாம்தானே? கம்பெனி ஆள் வந்து எட்டிப் பார்த்ததற்கே விசிட்டிங் சார்ஜ் என்று கேட்டால், ஜி.எஸ்.டி.யோடு சேர்த்துப் பேசாமல் கொடுக்கிறோம். பாய் ஒரு மணி நேரம் ஆர்மேச்சரோடு மல்லுக்கட்டிவிட்டு இருநூறு கேட்டால், ‘என்ன பாய், நூத்தம்பது வச்சுக்கோங்க’ என்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் கூசுகிறது.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக பாய் கடைக்குப் போனேன். பாதிக் கடையை மொபைல் கவர் விற்கிறவருக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார்.

“வேலை இல்லையா பாய்?”

“வேலை இருக்கு சார், ஸ்பேர் இல்ல. பழைய மாடல்னா நான் பாத்துப்பேன். இப்ப வர்றதுல மோட்டாருக்கு மேல ஒரு போர்டு வச்சிருக்கான். அது போச்சுன்னா எனக்குத் தர மாட்டேங்கறான். அவங்க சர்வீஸ் சென்டருக்குத்தான் தருவானாம். கஸ்டமரு என்னைத்தான் வேலை தெரியாதவன்னு நினைச்சுக்கறாரு.”

முப்பத்தொரு வருஷம் மிக்சி பார்த்தவர். அவருக்கு வேலை தெரியவில்லையாம்.

அவர் மகன் பி.இ. முடித்திருக்கிறான். மெக்கானிக்கல். நானூற்றுக்கும் மேல் இன்ஜினீயரிங் காலேஜ் இருக்கிற மாநிலத்தில் அது பெரிய செய்தி இல்லை. வேலைதான் செய்தி. வீட்டு உபயோகப் பொருள் கம்பெனி ஒன்றுக்காகக் கால் சென்டரில் பேசுகிறான். ‘அந்த ஸ்பேர் இப்ப வர்றதில்லை சார்’ என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறான் என்று அவனே எண்ணி அப்பாவிடம் சொல்லிச் சிரிப்பானாம். பாய் அதை என்னிடம் சொல்லும்போது சிரிக்கவில்லை.

ராக்கெட்டைச் சென்னைக்குக் கொண்டுவரவில்லை. 120 வோல்ட் மெஷினை நம் 230 வோல்ட்டில் சொருகினால் அதன் எழுபது வருஷமும் ஏழு நொடியில் முடிந்துவிடும். மகள் வீட்டில்தான் இருக்கிறது. வாரம் ஒருமுறை ஓடுகிறதாம். ‘சத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி, மத்தபடி சூப்பரா இழுக்குதுப்பா’ என்று மகள் சொன்னாள்.

கிளம்புவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் அனுமதியோடு, அந்தக் கம்பு மெஷின் கம்பெனிக்கு நானே ஒரு மெயில் போட்டேன். மூன்று கேள்வி. அந்த மாடலை எந்த வருஷம் நிறுத்தினீர்கள்? பேட்டரி விற்பதை எந்த வருஷம் நிறுத்தினீர்கள்? வேறு மாடலின் பேட்டரி எதுவும் அதற்குப் பொருந்துமா?

இரண்டே நாளில் பதில் வந்தது. எங்கள் மேல் நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு நன்றி என்று ஆரம்பித்து, கீழே இருபத்தைந்து சதவீதக் கூப்பன் ஒன்று. முன்பைவிட ஐந்து அதிகம். ஞாயிற்றுக்கிழமை வரை செல்லும் என்று போட்டிருந்தது. அந்த ஞாயிறு போய்விட்டது. மூன்று கேள்விகளுக்கும் இதுவரை பதில் வரவில்லை.